எடைக்கு எடை சீனி

என் உடம்பை எடை போட்டுப் பார்க்கும் உரிமை சங்கரன்கோவிலில் மூன்று பேருக்கு இருந்தது. ஒருவர் டாக்டர். இன்னொருவர் அப்பாவின் பருத்தி மண்டியில் தராசைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி. மூன்றாவது அம்மன். மூன்று பேருக்கும் நடுவில் என்னைப் பெற்றவள் நின்றுகொண்டு, யாருக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தாள்.

யுத்த காலத்தில் எனக்கு இந்த வியாதி வந்தபோது வயது பதின்மூன்று. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே போனது. தொழுவுக்குப் பின்னால் நான் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்த்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தாள், ஆவாரம்பூ அவித்துக் கொடுத்தாள். எதற்கும் நிற்கவில்லை. ஒரு நாள் நான் நினைவு தப்பிப்போக, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். அங்கே இன்சுலின் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

சீனி வியாதி என்றதும் சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. அது தொந்தி போட்ட பணக்காரக் கிழவர்களுக்கு வருகிற வியாதி என்பது ஊருக்கே தெரியும். குச்சி போலக் கிடக்கிற ஒரு பெண்பிள்ளைக்கு அது எப்படி வரும்? நாங்கள் என்னமோ அந்தஸ்துக்கு மீறி ஆசைப்பட்ட மாதிரிப் பேசினார்கள். சின்ன வயதில் வருவது வேறு ஜாதி என்று டாக்டர் விளக்கினார். இப்போது அதற்கு முதல் வகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெயரெல்லாம் கிடையாது. ஊசியை நிறுத்தினால் ஆள் இருக்க மாட்டாள், அதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

நான் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் அம்மா அம்மனோடு ஒரு பேச்சு முடித்துவிட்டாள். "எம்பிள்ள உடம்புலேருந்து சீனியை எடுத்துக்கிட்டே இருக்கே. ஒனக்கு வேண்டியது சீனிதான? இவ எடைக்கு எடை சீனி நான் தாரேன். பிள்ளைய விட்டுரு தாயி." இதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. யாரோ சீனியை எடுக்கிறார்கள், எடுக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது. டாக்டர் ஊசி போட்டார், அம்மன் விட்டுவிட்டாள், நான் வீட்டுக்கு வந்தேன்.

நேர்ச்சை போட்டது சரி. அப்போது சீனிக்குக் கண்ட்ரோல். ரேஷன் கார்டுக்குக் கொடுத்த சீனி காப்பிக்கே காணாது. ஓர் ஆள் எடைக்குச் சீனி எங்கே போவது? கருப்பட்டியாகக் கொடுத்துவிடலாமே என்று அப்பா கேட்டார்.

"இவளுக்கு வந்தது கருப்பட்டி வியாதியா?" என்றாள் அம்மா.

கள்ள மார்க்கெட்டில் இரண்டு மூட்டை பார்க்கலாம் என்றார் அப்பா. அம்மனுக்குக் கள்ளச் சீனியா என்று அம்மா அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. கடைசியில் கண்ட்ரோல் எடுக்கிற வரைக்கும் காத்திருப்பது என்று முடிவாயிற்று. அம்மன் அதற்குச் சம்மதித்தாளா என்று நான் கேட்டேன். "அவளும் இந்த ஊர்லதான இருக்கா, அவளுக்குத் தெரியாதா" என்று பதில் வந்தது.

வீட்டில் ஊசி போடுகிற வேலை அம்மாவிடம் வந்தது. அப்பாவுக்குக் கை நடுங்கும். அம்மா ஊசி முனையைச் சாணைக்கல்லில் தீட்டி, கண்ணாடிக் குழலோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, அம்மன் பெயரைச் சொல்லி என் தொடையில் ஏற்றுவாள். மூத்திரப் பரிசோதனை அப்பாவின் இலாகா. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் ஏராளம். இந்தக் கண்றாவியை அடுப்படியில் செய்யக்கூடாது என்று அம்மா விரட்டியதால் அப்பா தொழுவில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சுவார். நிறம் வந்ததும் அங்கிருந்தே சத்தமாகச் சொல்லுவார். "பச்சை!" என்றால் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப்புறம், "இன்னைக்குத் தேவலையே" என்பாள். என் மானம் தெரு முழுக்கக் கலர் கலராகப் போனது.

ஊசி ஒத்துக்கொண்டதும் பசி வந்தது. பசியைக் கண்டதும் அம்மாவுக்குக் கை நிற்கவில்லை. டாக்டர் அளந்து சாப்பிடச் சொல்லியிருந்தார். அம்மாவும் அளந்துதான் போட்டாள், அளவுச் சட்டியைத்தான் மாற்றிவிட்டாள். சோறு கூடியதும் குழாயில் செங்கல் நிறம் வரும்; டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டுவார்; மருந்து கூடியதும் பசி இன்னும் கூடும்; அம்மா இன்னும் ஓர் அகப்பை போடுவாள். இப்படியே சில வருஷம் போனது. குச்சியாக இருந்தவள் கதவு நிலையில் தோள் இடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். "பிள்ள என்னமா தேறிட்டா" என்று கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த அத்தை என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாதம் ஒரு தடவை அம்மா என்னை மண்டிக்கு அழைத்துப்போய்ப் பருத்தித் தராசில் உட்காரவைப்பாள். நேர்ச்சைக்கு எவ்வளவு சீனி தேவைப்படும் என்று தெரிய வேண்டாமா? தராசு அண்ணாச்சி கல்லை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "போன மாசத்துக்கு எட்டு ராத்தல் எச்சு தாயி. நல்ல ஏத்தம்" என்று பருத்தி வியாபாரிகள் முன்னால் அறிவிப்பார். அவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். விலை கேட்காததுதான் பாக்கி. அம்மாவின் முகத்தில் அப்போது வருகிற பெருமையை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

வினை மச்சுப்படியில் வந்தது. ஒரு நாள் வற்றல் காயப்போட மச்சுக்கு ஏறினேன். பாதிப் படியில் மூச்சு முட்டி, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் டாக்டரிடம் போனோம். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கொக்கு மாதிரி ஒல்லி. என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எடையைக் குறைக்கணும்மா," என்றார் அம்மாவிடம். "இந்த வியாதிக்காரங்களுக்கு ரத்தக்குழாய் மத்தவங்களுக்கு முந்தியே தடிச்சுப்போயிடும். அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ளுறதே இதயத்துக்குப் பெரிய பாடு. அதுமேல இவ்வளவு சதையையும் ஏத்தினா எத்தனை நாள் தாங்கும்? சாப்பாட்டைக் குறைங்க, நடக்கவிடுங்க. ஊசி மருந்தை நானே பார்த்துக் குறைக்கிறேன்."

"நெஞ்சுக்கு மேல நாலு சதை இருந்தா நெஞ்சுக்குத்தான டாக்டர் பாதுகாப்பு?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டர் குழாயைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "இதயம் கெட்டா, ஊசி இருந்தும் பிரயோஜனம் இல்லை," என்றார்.

வெளியே வந்ததும் அம்மா, "காத்தடிச்சாப் பறந்துபோற ஆளு. அவருக்கு நம்மளப் பாத்தா வயித்தெரிச்சல்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. ஒரு தடவை செத்துப் பிழைத்தவளுக்கு இரண்டாம் தடவை சாக ஆசை இருக்காது. நான் குறைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கொறைக்கலாம். நேர்ச்சை முடியட்டும். அம்மனுக்கு எடைக்கு எடைன்னு சொல்லி வச்சிருக்கேன். கொடுக்கப்போற நேரத்துல எடையக் கொறைச்சா அதுக்குப் பேரு என்ன? மோசடி. ஒன்னைக் காப்பாத்திக் கொடுத்தவகிட்ட மோசடி பண்ணவா?"

கண்ட்ரோல் எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. சர்க்கார் மனம் வைக்கிற வரைக்கும் என் இதயம் தாங்க வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. எனக்கு வந்த கோபத்தில், மறுநாளே விடியற்காலம் பனவடலிசத்திரம் சாலையில் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். பூப்பறிக்கப் போவதாக வீட்டில் பெயர். பூக்கூடை காலியாக வந்தால் செடியைக் குறை சொன்னேன். மாதாமாதம் மண்டித் தராசுக்குக் கூப்பிட்டபோது தலைவலி, வயிற்றுவலி என்று தட்டிக்கழித்தேன். தட்டில் விழுகிற சோற்றில் பாதி தொழுவுக்குப் போனது. எங்கள் எருமை அந்த வருஷம் பளபளவென்று இருந்தது. டாக்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு வழியாகக் கண்ட்ரோல் எடுத்தார்கள். அம்மா ஆடி வெள்ளிக்கு நாள் குறித்தாள். கோவிலுக்கு உடுத்த என் பட்டு ரவிக்கையை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது அது தொளதொளவென்று தொங்கியது. அம்மா ரவிக்கையைப் பிடித்துப் பார்த்தாள், என் கையைப் பிடித்துப் பார்த்தாள், அப்படியே மண்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இருபது ராத்தல் கொறையுது தாயி," என்றார் அண்ணாச்சி, துஷ்டி வீட்டில் துக்கம் கேட்கிற குரலில்.

"அம்மனுக்குச் சேர வேண்டியதக் கரைச்சுட்டு வந்து நிக்கியே, பாவி!" என்று அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சமாதானத்துக்கு வந்தார். இருபது ராத்தல் சீனியைத் தனியாகக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்றார். "தனியாக் கொடுத்தா அது தானம். நான் நேந்துக்கிட்டது துலாபாரம். தட்டு சமமா நிக்கணும்," என்றாள் அம்மா.

ஆடி வெள்ளியன்று விடியும் முன்னே அம்மா என்னை உள்அறைக்குக் கூப்பிட்டாள். கட்டிலின் மேல் ஒரு பழைய வேட்டித் துணி. அதற்குள் மண்டியின் இரும்பு எடைக்கற்கள். துணியைச் சுருட்டி என் இடுப்பில் கட்டி, அதற்கு மேல் சேலையைச் சுற்றினாள். எடைக்கல்லில் தகிடுதத்தம் பண்ணிக் குறைத்துக் கொடுத்தவர்களை மண்டியில் பார்த்திருக்கிறேன். கடவுளை ஏமாற்றி அவளுக்கு அதிகமாகக் கொடுப்பதற்குக் கல் கட்டிய ஒரே ஆள் எங்கள் அம்மாதான். நான் வாயைத் திறந்தேன். "பேசாத. இதோட முடிஞ்சுரும். நாளையிலேருந்து நீ மெலி, என்னமும் பண்ணு" என்றாள்.

அதே சூட்டில் ஊசியையும் போட்டாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டங்களில் முதல் சட்டம். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நேர்ச்சை முடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பொழுது ஏறுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஆடி வெள்ளிக் கூட்டத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகச் சனம் வந்திருந்தது. மண்டபத்தில் மரம் நட்டு எங்கள் மண்டித் தராசைத் தொங்கவிட்டு, நான் ஒரு தட்டில் ஏறி உட்காரும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. எதிர்த்தட்டில் சீனி மூட்டைகளை ஏற்றினார்கள். அத்தனை வருஷக் கண்ட்ரோலுக்குப் பிறகு அவ்வளவு சீனியைச் சேர்த்துப் பார்க்கச் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு மூட்டையைப் பிரித்து, தட்டு சமத்துக்கு வர அண்ணாச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வேர்த்தது. பிறகு கை நடுங்கியது. அண்ணாச்சி இரண்டு பேராகத் தெரிந்தார். ஊசி போட்டுச் சாப்பிடாததால் உடம்பில் சீனி இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு குழறி வேறு என்னவோ சத்தம் வந்தது. உடம்பு கிடுகிடுவென்று ஆடித் தராசுச் சங்கிலி கலகலத்தது.

"அம்மன் வந்துட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான். குலவை கிளம்பியது. யாரோ என் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். ஒரு கிழவர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தாயே, இந்த வருசமாவது மழை உண்டா?" என்று கேட்டார். இன்னொருத்தி தன் மகனுக்கு மில்லில் வேலை கிடைக்குமா என்றாள். நான் என்னவோ உளறினேன். கிடைக்கும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அவள் கும்பிட்டாள். நான் செத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது அம்மா. வந்தவள் என்னைப் பார்த்தாள், எதிர்த்தட்டைப் பார்த்தாள். அதில் கொட்டியிருந்த சீனிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளினாள்.

"ஏ தாயி, அம்மன் சீனி! எச்சப்படுத்தாத!" என்று அண்ணாச்சி அலறினார்.

"அம்மன் பொறுத்துக்கிடுவா, இவ உடம்பு பொறுக்காதுவே! தள்ளி நில்லும்!" என்று சொல்லி அம்மா சீனியை என் வாயில் திணித்தாள். வாயில் பாதி, மூக்கில் பாதி. மறுபடி அள்ளினாள், மறுபடி திணித்தாள். அந்தத் தட்டுச் சீனி இந்தத் தட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? என் தட்டு இறங்கித் தரையில் தட்டியது. அந்த அதிர்ச்சியில் இடுப்புத் துணி அவிழ்ந்து, இரும்புக் கற்கள் ஒவ்வொன்றாக மண்டபத்துத் தரையில் உருண்டன. பாரம் குறைந்ததும் என் தட்டு ஒரேயடியாக மேலே போனது. குலவை நின்றுவிட்டது.

அண்ணாச்சி குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். "இது நம்ம மண்டிக் கல்லுல்லா? காலையிலேருந்து தேடிக்கிட்டு இருக்கேன்!" என்றார். முதலில் சிரித்தவர் கோவில் பட்டர்தான். பிறகு மண்டபமே சிரித்தது. தட்டு சமமாக நிற்கிற வரைக்கும் சீனியை இறக்குங்கள், மிச்சத்தை அம்மனுக்குத் தனியாகக் கொடுங்கள் என்று பட்டர் வழி சொன்னார். அப்பா சொன்னதும் அதுதான். ஆனால் அப்பாவுக்கு யாரும் தட்சணை வைக்கவில்லை. தட்டு நின்றது. அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. சீனி ஒட்டிய கையோடு என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செய்தி கேட்டுச் சாயந்தரம் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவ்வளவு கோபத்தை அந்த ஒல்லி உடம்பில் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. சாப்பாடு இல்லாமல் ஊசி போடுவதற்கும் விஷம் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். கல்லைக் கட்டியாவது எடையைக் காட்ட அப்படி என்ன அவசியம் என்றார். அம்மா என் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு ரயில்லேருந்து இவள நான்தான் தூக்கிட்டு எறங்குனேன் டாக்டர். பதிமூணு வயசுப் பிள்ள. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. பாவாட மட்டுந்தான் இருக்கோ, பிள்ளய எங்கனயும் போட்டுட்டனோன்னு குனிஞ்சு பாத்தேன். அதுக்குப் பெறகு இவ கனக்கக் கனக்கத்தான் எனக்கு உறக்கமே வந்துச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மெலியட்டும். நீங்க படிச்சவிய, சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எங்கண்ணு முன்னால மட்டும் மெலிய வேண்டாம்."

டாக்டர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு அம்மாமேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. அத்தனை வருஷமும் அவள் அம்மனுக்காக என்னைக் கொழுக்கவைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் கண்ணில் படாமல் எப்படி மெலிவது? அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். டாக்டர் சொன்ன அளவில் சோற்றைப் போட்டு, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு ரசம் ஊற்றுவாள். ரசம் பாதி என் தட்டில், பாதி அப்பா மடியில் விழும். ஊசி போடும்போது தொடையை மட்டும் பார்ப்பாள். தொடையும் இளைக்க ஆரம்பித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மண்டித் தராசு இருந்த தெருவுக்கே அவள் போகவில்லை. நான் பகிரங்கமாகத் தோட்டத்துக்கு நடந்தேன். மச்சுப்படி ஏறினால் மூச்சு முட்டுவது குறைந்து, பிறகு நின்றே போனது.

அடுத்த கோடையில் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். இதயம் நன்றாக இருக்கிறது, இப்படியே வைத்துக்கொள் என்றார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அவரு அந்தக் கொழாய எங்கன வச்சுக் கேட்டாரு?" என்றாள்.

இடத்தைக் காட்டினேன். காட்டினால் பார்க்க வேண்டுமே. சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னை முழுசாகப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரிக் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். கிட்ட வந்து, குனிந்து, காதை என் நெஞ்சில் வைத்தாள். எண்ணெயும் பெருங்காயமும் மணக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நானும் அசையாமல் நின்றேன்.

"கேக்குதுட்டி," என்றாள்.

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாத்தான் கேக்குது." காதை எடுக்காமலே சொன்னாள். "இன்னும் ரெண்டு வாய் கூடத் தின்னா, இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேக்கும்."